ஏழாம் நெரை, பத்தொன்பதாம் மரம்

வலது கையை நெஞ்சில் வைத்துச் சொல்வது: இந்தக் கதையில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டவில்லை, குறைக்கவில்லை, மெருகுகூடப் போடவில்லை. முனியாண்டி சாட்சி. முனியாண்டி போதாது என்கிறவர்களுக்கு மாரியம்மன் சாட்சி. மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தோணியாரைக் கேட்டுக்கொள்ளலாம். எங்கேயாவது ஒரு பொய் தட்டுப்பட்டால் அந்த இடத்திலேயே கதையை மடித்து வைத்துவிட்டுப் பசியாறப் போகலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சன்னாசிக்கு எழுபது வயது. ஈப்போவில் ஒரு பேரங்காடி வாசலில் இருபத்திரண்டு வருஷம் ஜாகா என்கிற காவல் வேலை பார்த்து ஓய்ந்தவர். நின்று நின்றே அவருடைய இரண்டு கால்களும் ஓர் அங்குலம் குட்டையாகிவிட்டன. பழைய கால்சட்டைகளை எல்லாம் மடித்துத் தைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால், வாலிபத்தில், லுமுட்டுக்கு வடக்கே கடலோர மலை ஒன்றில் ரப்பர் பால் வெட்டினார். மலாய்க்காரர்கள் அதை புக்கிட் கெலாவார் என்பார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அது வௌவால் மலை.

போன வருஷம் பிப்ரவரி இருபத்தேழாம் தேதி காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, சுற்றியிருந்த தமிழ்ப் பத்திரிகைத் துண்டில் அந்த மலையின் பெயரைப் பார்த்தார். சம்பலை விரலால் வழித்துவிட்டுப் படித்தார். மலைமேல் இருக்கிற பழைய தோட்டத்துப் புதைகாட்டை எடுத்துவிட்டு ரிசார்ட்டுக்குக் கார் நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள். மொத்தம் எழுபத்திரண்டு குழிகள். உறவுக்காரர்கள் இருபத்தெட்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து, தங்கள் குழியைக் காட்டி, அதில் கொடி நட வேண்டும். கொடி நட்ட குழியைத் தோண்டி எலும்பை உரியவர் கையில் கொடுப்பார்கள். கொடி இல்லாத குழிகளின் எலும்புகளை ஒன்றாக அள்ளி ஒரே பள்ளத்தில் போட்டு மூடி, மேலே தார் ஊற்றுவார்கள்.

இருபத்தெட்டு என்றால் நாளைக்கு.

அந்த எழுபத்திரண்டில் ஒருத்தி காளியம்மா. சன்னாசியின் மனைவி. அவரோடு பதினான்கு மாதம் குடும்பம் நடத்தினாள். அந்த மலையோடு நாற்பத்து மூன்று வருஷம். அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையிலிருந்து ஓய்ந்த கையோடு ஈப்போ மயானத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிக்கு இடம் வாங்கிப் போட்டிருந்தார். ஒன்று தனக்கு. மற்றது காளியம்மாவுக்கு என்று சொன்னால் சிரிப்பார்களென்று, சாமான் வைக்க என்று சொல்லியிருந்தார்.

துணைக்கு ஆள் தேடினார். தோட்டத்துக் கூட்டாளிகளில் உயிரோடு இருந்தவன் காம்பாரில் சீனி ஒருத்தன்தான்.

"மச்சான், நாப்பத்தி மூணு வருசம் ஆச்சு லா," என்றான் சீனி தொலைபேசியில். "அங்க என்னா இருக்கப் போவுது? பல்லுகூட இருக்காது."

"பல்லு வேணாம்டா. ஆளு இருந்தா போதும்."

"எனக்கு முட்டி வலி."

"உன் அப்பனும் அங்கதான கெடக்குறாரு?"

"அவருக்கும் முட்டி வலிதான்," என்று சொல்லிவிட்டு சீனி போனை வைத்தான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சன்னாசி தனியாகவே கிளம்பினார். பையில் ஒரு புதுப் பானை, ஒன்றரை முழம் மஞ்சள் துணி, ஒரு போத்தல் தண்ணீர். பத்து காஜா தாண்டி, சித்தியவான் தாண்டி, லுமுட்டில் இறங்கி வாடகைக் காடி பிடித்து மலையடிக்குப் போனால், மலையைக் காணோம்.

இருந்தது. ஆனால் குட்டையாகியிருந்தது. கடலில் மண் கொட்டி அடுக்குமாடி கட்டுவதற்காக உச்சியிலிருந்து பாறையை வெட்டி எடுத்திருந்தார்கள். மலை கீழே இறங்கிவிட்டது, கடல் தூரப் போய்விட்டது. உச்சியில் 'உயரம் 312 மீட்டர்' என்று ஒரு பலகை உண்டு. அது பொய்யாகிவிடக் கூடாதென்று, மலையை வெட்ட வெட்டப் பலகையின் கம்பத்தை நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். இப்போது அதைப் படிக்கத் தொலைநோக்கி வாடகைக்குக் கிடைக்கிறது. குகையில் கலர் விளக்கு போட்ட அன்றே வௌவால்கள் ஈப்போவுக்குக் குடி பெயர்ந்துவிட்டன. பார்க்க வருகிறவர்கள் ஏமாறக் கூடாதென்று நூறு பேட்டரி வௌவால்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சார்ஜ் தீர்ந்தால் அவையும் நிஜ வௌவால் மாதிரியே தூங்கும். வழியெல்லாம் தென்னைமரம், ஒன்றிலும் காய் இல்லை. விருந்தாளி தலையில் விழக் கூடாதென்று பாளையிலேயே அறுத்துவிடுகிறார்கள். இளநீர் கேட்டால் தாய்லாந்திலிருந்து வந்த காயை வெட்டிக் கொடுக்கிறார்கள்.

வாசல் கவுண்டரில் கலாதேவி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். விருந்தாளிகளுக்குக் களிப்பூட்டுவது அவள் வேலை என்று சட்டைப் பட்டையில் எழுதியிருந்தது. முகத்தில் களிப்பு இல்லை; காலை ஆறு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"எத்தன பேரு அங்கிள்?"

"நான் ஒருத்தன்தான்."

"ஒத்தையா மலையேற முடியாது அங்கிள், ரூல்ஸ் லா. கைடு வேணும். போன மாசம் ஒரு ஜெர்மன்காரரு தொலஞ்சி போய்ட்டாரு."

"எங்க, காட்டுலயா?"

"டாய்லட்டுக்குப் போற வழியில."

"நான் இந்த மலையில தெனம் நானூறு மரம் வெட்டுனவன்மா. விடியறதுக்கு முன்ன, இருட்டுல. அப்ப எவனும் கைடு குடுக்கல. நெத்தியில ஒரு வெளக்கு குடுத்தானுங்க, அதுவும் மண்ணெண்ண இல்லாம."

கலாதேவி பாரத்தை, அதாவது படிவத்தை, எடுத்தாள். "என்னாத்துக்கு வந்திருக்கீங்கன்னு போடணும். ஹாலிடேயா, ஹனிமூனா, கம்பெனி டூரா?"

"என் சம்சாரத்தப் பாக்க."

"அப்ப ஹனிமூன்," என்று பேனாவால் ஒரு கோடு போட்டாள். "அவங்க முன்னாடியே வந்துட்டாங்களா? எந்த ரூமு?"

"ரூமு இல்ல. புதகாடு."

பேனா நின்றது. "கொடி நடுற கேசா? சாரி அங்கிள், தெரியாமக் கேட்டுட்டேன்." பேனாவை மூடி வைத்துவிட்டு, "எப்படி எறந்தாங்க?" என்றாள்.

அந்தக் கேள்வி பாரத்தில் இல்லை. அதனால் சன்னாசி பதில் சொன்னார்.

"புள்ளப்பேறு. வலி எடுக்குறப்ப பதினோரு மணி. லோரி ஒன்னுதான் தோட்டத்துல. எங்கள மேய்க்கிற மண்டோர் பழனியப்பன், பாலத் தராசுல நிறுத்து முடியட்டும், அப்பறந்தான் லோரின்னுட்டான். மூணு மணி வரைக்கும் பால் நிறுத்தான். அப்பறம் பால் பீப்பாவுக்கு நடுவுல அவளப் படுக்க வச்சிக் கொண்டு போனோம். ஆயர் தாவார் ஊரக்கூடத் தாண்டல. புள்ளையும் சேந்து போயிருச்சி."

"மண்டோர ஒன்னும் செய்யலையா நீங்க?"

"மறுநாள் ஆளு எண்ணுற பெரட்டுக்குப் போயி வரிசையில நின்னேன்," என்றார் சன்னாசி. "விசில் அடிச்சான். போயி வெட்டுனேன்."

கலாதேவி அவர் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டினாள். ஹனிமூன்காரர்களுக்கான இளஞ்சிவப்புப் பட்டை; பாரத்தில் கோடு போட்டதை அழிக்க முடியாதாம். "மேல தனேஸ்வரன்னு ஒருத்தர் கொட பிடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு. கொடி அவருகிட்ட இருக்கு. கைடு கேட்டா, டாய்லட் போயிருக்காருன்னு சொல்லிருங்க."

இப்படித்தான் சன்னாசி தனியாக மலையேறினார்.

ஆயிரத்துச் சொச்சம் சிமெண்டுப் படிகள். அவர் ஏறிய பழைய படிகள் மண்வெட்டியால் வெட்டியவை, பால் வாளி தூக்குகிறவன் காலுக்கு அளந்தவை. இவை புகைப்படத்துக்கு அளந்தவை. பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று சிரிக்க இடம் விட்டிருந்தார்கள். மரங்களில் ஒலிபெருக்கி கட்டிப் பறவைச் சத்தம் போட்டார்கள். நிஜப் பறவை ஒன்று குறுக்கே கத்தியது. அது சுருதி சேரவில்லையென்று ஒரு காவலாளி கல்லெடுத்து விரட்டினான். குரங்குகள் தண்ணீர் போத்தல் பிடுங்குவதை விட்டுவிட்டிருந்தன; இப்போது போனைப் பிடுங்கி, பழம் கொடுத்தால்தான் திருப்பித் தருகின்றன. அதற்கும் வரிசை, முந்தினால் கடிக்கும்.

பாதி வழியில் சிமெண்டால் ஒரு ரப்பர் மரம். பால் பிடிக்கிற மங்கு, அதுவும் சிமெண்டு. அதில் பாலுக்குப் பதில் வெள்ளைப் பெயிண்டு. பக்கத்துப் பலகையில் ஆங்கிலம், மலாய், சீனம் மூன்றிலும் இந்த மலையில் ஒரு காலத்தில் ரப்பர் வளர்ந்தது என்று எழுதியிருந்தது. தொப்பி போட்ட வெள்ளைக்காரத் துரையின் படம். துரையின் குதிரை. துரையின் நாய், பெயரோடு. வெட்டியது யார் என்று இல்லை. மரம் தானாகவே வெட்டிக்கொண்டு தானாகவே மங்கில் வடிந்திருக்கிறது போலும். சன்னாசி சிமெண்டு மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். வெட்டுக்கோடு தப்பான பக்கம் சாய்ந்திருந்தது. அப்படி வெட்டினால் அன்றைக்குக் கூலி கிடையாது.

மேலே, மலையின் தோளில், பெரிய குடைக்கடியில் தனேஸ்வரன் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, குத்தகைக்காரரின் ஆள். மடியில் கணினித் தட்டு, காலடியில் ஒரு வாளி நிறையச் சிவப்புக் கொடி, பின்னால் தூங்கிக்கொண்டிருக்கிற மண்வாரி இயந்திரம். எதிரே லாலாங் புல்லும் புதரும். ஒரு குழிக்கும் அடையாளம் இல்லை. அந்தக் காலத்தில் குழிமேல் குச்சி நட்டு, செத்தவருடைய மங்கைக் கவிழ்த்து மாட்டி வைப்பார்கள். அந்த மங்குகள் எங்கே என்று சன்னாசி தேடவில்லை. வருகிற வழியில் ரிசார்ட் உணவகத்து மேசைகளில் சட்னி ஊற்றி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டார்.

"எந்தக் குழி ஐயா?"

"ஏழாம் நெர, பத்தொன்பதாம் மரம்."

தனேஸ்வரன் புதரைப் பார்த்தான். "மரமே இல்லியே ஐயா."

"மரம் இல்லாட்டி என்னா தம்பி, காலு இருக்கில்ல."

அவனுக்குப் புரியவில்லை. புரிய வைக்க வேண்டியதுதான். தோட்டத்தில் சமதரை எல்லாம் துரைக்கு. பிணத்துக்குக் கிடைத்தது மலைமேல் பால் வற்றிய கிழட்டு மரங்களின் நடுக்காடு. மரவரிசையை நெரை என்பார்கள். இன்ன நெரை, இன்ன மரம் என்பதுதான் செத்தவர் விலாசம். பால்வெட்டுக்காரன் அந்த விலாசத்தைக் கண்ணால் தேட மாட்டான். விடியுமுன் இருட்டில் வெட்டிப் பழகியவன். ஒரு நெரையில் ஏறி, அடுத்த நெரையில் இறங்கி, மரத்துக்கு மரம் இத்தனை எட்டு என்று கால்தான் எண்ணும். கண்ணைத் திறந்தால் எண்ணிக்கை குழம்பும். சன்னாசிக்கு மூன்று தொலைபேசி எண்ணும் ஐசி என்கிற தன் அடையாள அட்டை எண்ணும் மறந்து போயிருந்தன. கால் ஒன்றையும் மறக்கவில்லை.

அவர் விளிம்புக்குப் போனார். செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடினார். நடந்தார்.

முதல் நெரை ரிசார்ட்டின் உணவகத்துக்குள் போனது. ஐந்து எட்டு நடந்து, நின்று, குனிந்து, இல்லாத மரத்தில் இல்லாத கத்தியால் ஒரு கோடு இழுத்து, இல்லாத மங்கை நேராக்கி, அடுத்த மரம். பசியாறிக்கொண்டிருந்த விருந்தாளிகள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். இரண்டாம் நெரையில் புல்தரையில் யோகா வகுப்பு நடந்தது. பயிற்சி சொல்லிக்கொண்டிருந்த பெண் பேச்சை நிறுத்திவிட்டு அவருக்குப் பின்னால் சேர்ந்துகொண்டாள். வகுப்பும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் நெரை மசாஜ் அறைகள் வழியாக. எண்ணெய் தடவிய நான்கு பேர் துண்டோடு எழுந்து வந்தார்கள். நான்காம் நெரை நீச்சல் குளத்தில் இறங்கி ஏறியது. சன்னாசி நனையவில்லை. மழையில் நனைந்தால் அன்றைக்கு வேலை இல்லை, கூலி இல்லை என்பது தோட்டத்துச் சட்டம். அதனால் நனையாமல் நடக்க அவர் பதினெட்டு வயதிலேயே பழகியிருந்தார். பின்னால் வந்தவர்கள்தான் நனைந்தார்கள்.

ஆறாம் நெரையில் அறுபது பேர். ஐந்து எட்டு, நில், குனி, வெட்டு, மங்கு. ஐந்து எட்டு, நில், குனி. கலாதேவி ஓடி வந்து படம் பிடித்தாள். படத்தைப் பார்த்துவிட்டு மேலாளர் அடிவாரத்திலிருந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து அவரும் குனிந்தார். ஸ்வீடன்காரர் ஒருவர் அழுதார். ஏனென்று கேட்டதற்கு, மனம் இவ்வளவு லேசாக எப்போதும் இருந்ததில்லை என்றார். அதே நடையை அதே மலையில் ஒன்பது வருஷம் நடந்த சன்னாசிக்கு மனம் ஒருநாளும் லேசானதில்லை, வாளி கனம்.

முகத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. உணவகத்து அடுப்புச் சூடு இவ்வளவு தூரம் வருகிறதே என்று நினைத்துக்கொண்டார். கண்ணைத் திறக்கவில்லை.

ஏழாம் நெரை புதருக்குள் போனது. பத்து, பதினைந்து, பதினெட்டு, பத்தொன்பது. வலது கால் ஓர் அங்குலம் மண்ணில் அழுந்தியது. குழிமண் அப்படித்தான், எத்தனை வருஷமானாலும் இறுகாது. "இந்தா," என்றார். தனேஸ்வரன் கொடியை நீட்டினான். அறுபது பேர் கை தட்ட, சன்னாசி கொடியை நட்டார். தனேஸ்வரன் ஐசியை வாங்கிக் கணினித் தட்டில் ஏற்றினான். மண்வாரி இயந்திரம் விழித்துக்கொண்டது.

மேலே இயந்திரம், கடைசி மூன்றடி மண்வெட்டி. மதியத்துக்கு மேல் நான்கு மணிவரை ஆனது. தொடையெலும்பு ஒன்று கிடைத்தது. தனேஸ்வரன் அதைத் தன் தொடையோடு வைத்து அளந்து பார்த்தான்.

"ஒங்க சம்சாரம் நல்ல ஒசரமோ?"

காளியம்மா அவருடைய முழங்கைக்கு வருவாள். சன்னாசி எலும்பைப் பார்த்தார். "மலக்காத்துல்ல," என்றார். "வளந்திருப்பா."

மஞ்சள் துணியை விரித்தார். தாடை வந்தது. விலாவில் நாலைந்து வந்தன. பிறகு பச்சைக் களிம்பு ஏறிய பித்தளைச் சாமான் ஒன்று வந்தது. தனேஸ்வரன் மண்ணைத் தட்டித் துடைத்து அவர் கையில் வைத்தான்.

விசில்.

அந்தத் தோட்டத்தில் விசிலோடு புதைக்கப்பட்டவன் ஒருத்தன்தான். காளியம்மா போன அடுத்த வருஷம் மண்டோர் பழனியப்பன் பாம்பு கடித்துச் செத்தான். கூலிக்காரர்களோடு கிடக்க மாட்டேன், கடற்காற்று வேண்டும் என்று சொல்லி வைத்திருந்ததால் அவனுக்குக் கடல் பக்கத்து முனையில் இடம் கொடுத்தார்கள். அந்த முனையிலிருந்து எண்ணினால் ஏழாம் நெரை, பத்தொன்பதாம் மரம். மற்ற எல்லாருக்கும் எண்ணிக்கை, கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துப் பக்கத்திலிருந்துதான் தொடங்கும். ஆட்கள் ஏறி வருகிற பக்கம் அதுதான், அதனால் பக்கத்தை யாரும் சொல்வதில்லை. இப்போது லயமும் இல்லை, லயத்துப் பாதையும் இல்லை. ரிசார்ட்டின் படிக்கட்டு கடல் பக்கத்திலிருந்து ஏறுகிறது. சன்னாசி கண்ணை மூடிக்கொண்டு மலையைத் தப்பான முனையிலிருந்து எண்ணிவிட்டார். கால்கள் ஓர் எட்டுகூடத் தவறவில்லை. காலைச் சூரியன் முதுகில் அடித்திருக்க வேண்டும், முகத்தில் அடித்தது. அதைத்தான் அடுப்பு என்று நினைத்தார்.

"தம்பி," என்றார். "இது வேற ஆளு. இன்னொரு கொடி குடு."

"ஒரு ஐசிக்கு ஒரு கொடிதான் ஐயா."

"இத அப்படியே போட்டு மூடிருறேன். கொடியப் பிடுங்கித் தா."

"ஏத்தியாச்சே ஐயா. ஒங்க பேருக்கு ஒரு ஆள எடுத்தாச்சுன்னு போயிருச்சி. சிஸ்டத்துல திருப்பி உள்ள போட பட்டன் இல்ல."

"வாளி நெறையாக் கொடி இருக்குப்பா."

"கொடி இருக்கு. ஐசி இல்லியே. ஒங்ககூட வேற யாரும் வந்திருக்காங்களா? யாரு ஐசியா இருந்தாலும் போதும்."

சன்னாசி திரும்பிப் பார்த்தார். சீனி இல்லை. அறுபது பேர் நின்றார்கள். ஒருத்தரிடமும் மலேசிய ஐசி கிடையாது. மேலாளரிடம் இருந்தது, அவர் அலுவலகத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார். கலாதேவி தன்னுடையதை நீட்டினாள். தனேஸ்வரன் வாங்கிப் பார்த்து, ரிசார்ட் ஊழியர் உரிமை கோரக் கூடாதென்று ஒரு வரி இருப்பதைக் காட்டித் திருப்பிக் கொடுத்தான். அவனைத் திட்டுவதற்கு வழியில்லை. அவன் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "எங்கன்னாவது காட்டுங்க ஐயா," என்றான். "கொடி இல்லாட்டியும், அந்த எடத்த கடைசியா அள்ளச் சொல்றேன். அஞ்சு மணிவரைக்கும் டைம் இருக்கு."

மணி நாலு இருபத்தைந்து.

எழுபது வயதில் சன்னாசி ஓடினார். மலையின் மறுபக்கம், லயத்து முனைக்கு. கண்ணை மூடினார். சூரியன் சாய்ந்துவிட்டதால் மறுபடியும் முகத்தில்தான் அடித்தது. இந்தத் தடவை அதை நம்பவில்லை. ஐந்து எட்டு, நில், குனி. பின்னால் அறுபது பேரும் வந்தார்கள். இரண்டாம் காட்சி இருக்குமென்று அவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது.

ஏழாம் நெரை. பத்தொன்பது. கால் மண்ணைத் தொடவில்லை, பலகையைத் தொட்டது. கண்ணைத் திறந்தார்.

ஊஞ்சல் ஒன்று. இதய வடிவத்தில் இரும்பு வளைவு, அதில் பிளாஸ்டிக் பூ, பின்னால் கடல். ஜோடிகள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிற இடம். கார் நிறுத்துமிடம் வருவதால் அடுத்த வாரம் ஊஞ்சலைக் கழற்றி வேறு பக்கம் மாட்டப் போகிறார்களாம். அதுவரை வரிசை உண்டு. வரிசையில் பதினோரு ஜோடி.

சன்னாசி வரிசையில் நின்றார். முந்திப் போகலாமே என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வரிசையில் நிற்பது அவருக்குத் தெரிந்த வேலை. ஜோடி ஜோடியாக ஆடி இறங்கினார்கள். நாலு ஐம்பத்தெட்டுக்கு அவர் முறை வந்தது. படம் எடுக்கிற ஆள் மணிக்கட்டைப் பார்த்தான். இளஞ்சிவப்பு.

"இன்னொருத்தங்க எங்க அங்கிள்?"

"கீழதான் இருக்கா. நீ எடு."

ஊஞ்சலில் உட்கார்ந்தார். கால் தரையில் எட்டவில்லை, ஓர் அங்குலம் குட்டை. ஆடவில்லை. காளியம்மாவிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். படக்காரன் சிரிக்கச் சொன்னான். ஐந்து மணிக்கு இயந்திரம் உறுமியது. படம் விழுந்தது.

கலாதேவி படிவரைக்கும் கூட வந்தாள். கையில் படம், சட்டம் போட்டது. ஹனிமூன் பட்டைக்கு அது இலவசம். அவளுக்குச் சொல்லவே வாய் வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது. "அங்கிள், மேனேஜர் கேக்கச் சொன்னாரு. சனி, ஞாயிறுல வந்து அந்த மாரி நடக்க முடியுமா? காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. சாப்பாடு குடுப்பாங்க."

"எந்தப் பக்கத்துலருந்து நடக்கணுமாம்?"

"எந்தப் பக்கமா இருந்தாலும் பரவால்லையாம்."

சன்னாசி பானையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். பானையில் மண்டோர் பழனியப்பன். வழியில் கடலில் எறிந்திருக்கலாம். கடல் இருந்த இடத்தில் அடுக்குமாடி இருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கனம் ஒரு வாளிப் பால். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யாரென்று கேட்டார். "தெரிஞ்சவரு," என்றார்.

ஈப்போ மயானத்தில் சாமான் வைக்க என்று வாங்கியிருந்த குழியில் மண்டோரை இறக்கினார். பக்கத்துக் குழி சன்னாசிக்கு. காலத்துக்கும் இனி அப்படித்தான்; மாற்றிக்கொள்ளலாமா என்று மயானக்காரரிடம் கேட்டதற்கு, அங்கேயும் சிஸ்டத்தில் ஏற்றிவிட்டார்களாம். தினம் விடிவதற்கு முன்னால் அங்கே போகிறார். பித்தளை விசிலை வாயில் வைத்து, குழி தலைமாட்டில் நின்று, பெரட்டுக்கு ஊதுகிறார். மண்டோர் இதுவரை ஒருநாளும் நேரத்துக்கு எழுந்து வரிசையில் நின்றதில்லை. நிறுத்துப் போட ஏதும் இல்லையென்றாலும் சன்னாசி நான்கு மணி நேரம் காத்திருந்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்.

அந்த மலையில் இருந்த எழுபத்திரண்டு குழிகளில், கடைசி நாள் மாலை ஐந்து மணிவரை, ஒன்றுக்கும் கொடி நட ஒருவரும் வரவில்லை, சன்னாசி உட்பட.